ஆறு தடங்களுக்கும் ஒரே தண்ணீர்

1982 நவம்பரில் டெல்லியில் தொடங்கிய ஆசிய விளையாட்டுப் போட்டியில் துடுப்புப் படகோட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. படகுகள் ஓடியது டெல்லியில் அல்ல. ஜெய்ப்பூரை அடுத்த ராம்கட் ஏரியில் ஓடின. இயற்கையாக அமைந்த ஏரி அல்ல அது. பாணகங்கை ஆற்றின் குறுக்கே மகாராஜா இரண்டாம் மாதோசிங் காலத்தில் 1897இல் அடிக்கல் நாட்டி, 1903இல் முடித்த அணையின் பின்னால் தேங்கிய தண்ணீர். ஜெய்ப்பூர் நகரம் பல பத்தாண்டுகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. ஆசியாவின் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் அந்த ஏரியில் தண்டு வலித்தார்கள்.

2000ஆம் ஆண்டை ஒட்டி ராம்கட் வறண்டது. படகு ஓடிய இடத்தில் இன்று புல்லும் புதரும்தான் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் ட்ரோன் பறக்கவிட்டு அங்கே செயற்கை மழை பெய்விக்க முயன்றார்கள். அதுவும் கைகூடவில்லை.

படகுப் போட்டித் தடம் எப்படி உருவாகிறது என்று எழுத உட்கார்ந்தபோது ஒலிம்பிக் நகரங்களின் பளபளப்பான தடங்களைவிட இந்த ஏரிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. தடம் என்றவுடன் நேரான இரண்டு கிலோமீட்டர் தண்ணீரும் கரையில் ஒரு பார்வையாளர் மாடமும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் உண்மையான வேலை வேறு. ஆறு படகு புறப்பட்டால் ஆறு படகுக்கும் ஒரே தண்ணீர் கிடைக்க வேண்டும். ஒரே ஆழம், ஒரே காற்று, ஒரே அலை. இயற்கையில் எந்த நீர்நிலையும் இப்படிச் சமமாக இருப்பதில்லை. அந்தச் சமத்துவத்தை மனிதர்கள் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எழுப்பினார்கள் என்பதுதான் இந்தத் தடங்களின் வரலாறு.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடலாம். ஆங்கிலேயர் ரோயிங் என்று சொல்லும் விளையாட்டில் வீரர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படகின் விளிம்போடு பிணைத்த தண்டை வலிக்கிறார். கனோ, கயாக் படகுகளில் முகம் போகும் திசையைப் பார்க்கும், துடுப்பு படகோடு பிணைக்கப்படாமல் கையில் இருக்கும், வீரர் துழாவுகிறார். வலிப்பது, துழாவுவது என்று இரண்டு வினைகளைத் தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கிறது. வலிக்கும் படகுக்கு இருபுறமும் தண்டு நீள்வதால் தடம் அகலமாக வேண்டும்: 13.5 மீட்டர். துழாவும் படகுக்கு 9 மீட்டர் போதும். வலிப்போர் போட்டிக்கு ஆறு தடம், துழாவுவோர் போட்டிக்கு ஒன்பது தடம். பெருக்கிப் பாருங்கள்: 13.5ஐ ஆறால் பெருக்கினாலும் 81, 9ஐ ஒன்பதால் பெருக்கினாலும் 81. ஒரே வாய்க்காலில் மிதவைக் கோடுகளை மட்டும் மாற்றிக் கட்டினால் இரண்டு விளையாட்டையும் நடத்திவிடலாம். உலகின் பெரிய தடங்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது இதனால்தான். வலிப்போருக்குத் தூரம் 2,000 மீட்டர். துழாவுவோருக்கு 200, 500, 1,000 மீட்டர். இரு சாராரும் ஒரே முடிவுக் கோட்டுக்குத்தான் வருகிறார்கள். புறப்படும் இடம்தான் வேறு.

தொடக்க காலத்தில் தடம் என்று தனியாக எதுவும் இல்லை. ஆறு இருந்தது, படகு ஓடியது. 1839இல் தேம்ஸ் ஆற்றில் தொடங்கிய ஹென்லி போட்டியில் இன்றும் இரண்டிரண்டு படகாகவே விடுகிறார்கள். ஆற்றில் கரையோரம் நீரோட்டம் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் இருக்கும். இரண்டு படகு என்றால் ஓரளவு சமன் செய்துகொள்ளலாம். ஆறு படகு என்றால் சீட்டுக் குலுக்கலிலேயே பாதிப் போட்டி முடிந்துவிடும். 1892இல் இத்தாலியின் துரின் நகரில் பன்னாட்டுத் துடுப்புப் படகுச் சம்மேளனம் தொடங்கியபோதும் ஐரோப்பியப் போட்டிகள் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் ஏரிகளிலும் கிடைத்த இடத்தில்தான் நடந்துகொண்டிருந்தன. 1896இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது பிரேயஸ் கடற்கரையில் படகோட்டம் நடத்தத் திட்டமிட்டார்கள். கடல் கொந்தளித்ததால் போட்டியே கைவிடப்பட்டது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் ஸ்லோட்டன் வாய்க்காலில் நடந்தது. அகலம் போதாததால் அங்கும் இரண்டிரண்டு படகுகளாகத்தான் விட்டார்கள்.

அந்த நெருக்கடிக்கு ஆம்ஸ்டர்டாம் நகரமே ஒரு பதிலும் தந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களைக் கொண்டு நகருக்கு வெளியே ஒரு பெரிய காட்டை வளர்த்தார்கள். அந்தக் காட்டுக்கு நடுவில் வெட்டியதுதான் போஸ்பான் என்ற நேர்வாய்க்கால். படகுப் போட்டிக்கென்றே மனிதர் வெட்டிய தடங்களில் இதைத்தான் மிகப் பழையதாகச் சொல்கிறார்கள். கூலி வேலை தேவைப்பட்ட காலத்தில் மண்வெட்டியால் தோண்டிய அந்த வாய்க்காலைப் பிறகு பலமுறை அகலப்படுத்தினார்கள். 2014இல் உலகப் போட்டியே அங்கு நடந்தது.

சமத்துவம் இல்லாத தடம் எப்படி இருக்கும் என்பதற்கு 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் பார்க்கலாம். கிரூனாவில் உள்ள லாங்கர் ஏரியில் எண்மர் படகு இறுதிப் போட்டி. பக்கவாட்டில் காற்று. கரையின் மறைவில் இருந்த முதல் தடம் ஜெர்மனிக்கு, இரண்டாவது இத்தாலிக்கு. காற்றும் அலையும் நேராக அடித்த ஆறாவது தடம் அமெரிக்காவுக்கு. அமெரிக்கப் படகு 6 நிமிடம் 25.4 விநாடியில் வென்றது, இத்தாலி 6:26.0, ஜெர்மனி 6:26.4. ஒரே விநாடிக்குள் மூன்று படகுகள். அமெரிக்கப் படகில் இருந்த வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களின் வீரமாக இந்தக் கதையைச் சொல்வார்கள். வீரம்தான், மறுப்பதற்கில்லை. தடம் கட்டுகிறவர் கண்ணில் அது வேறு மாதிரி தெரியும்: அன்று அவர்கள் ஒரு விநாடி பிந்தியிருந்தால், அவர்களைத் தோற்கடித்தது எதிராளியா, ஏரியா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

பெரிய மாற்றம் 1960இல் வந்தது. ரோம் ஒலிம்பிக்கின் படகோட்டமும் கனோவும் நகருக்குத் தெற்கே அல்பானோ ஏரியில் நடந்தன. அது எரிமலை வாயில் தேங்கிய ஆழமான ஏரி. அங்கே முதன்முறையாகத் தண்ணீருக்குள் நீளவாக்கில் கம்பிகளை இழுத்துக் கட்டி, அவற்றிலிருந்து சிறு மிதவைகளை வரிசையாக மேலே விட்டு, ஒவ்வொரு படகுக்கும் தனித்தனிப் பாதை வகுத்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு இன்றும் அல்பானோ முறை என்றே பெயர்.

இந்த மிதவைக் கோட்டை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மிதவையும் சிறியது. விட்டம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தண்டின் அலகு அதில் பட்டால் தண்டும் உடையக் கூடாது, படகும் கவிழக் கூடாது என்பதற்காக மென்மையாகவே செய்கிறார்கள். பத்து மீட்டருக்கு ஒன்று வைத்தால் ஒரு கோட்டில் 200. ஆறு தடத்துக்கு ஏழு கோடு. ஆக 1,400 மிதவைகள். முதல் 100 மீட்டரிலும் கடைசி 250 மீட்டரிலும் நிறத்தை மாற்றி வைப்பார்கள். முதல் 100 மீட்டருக்கு ஒரு காரணம் உண்டு: அதற்குள் தண்டோ இருக்கையோ உடைந்தால் போட்டியை நிறுத்தி மறுபடி விடுவார்கள், அதைத் தாண்டினால் அவரவர் பாடு. கடைசி 250 மீட்டரில் நிறம் மாறும்போது, முதுகைக் காட்டி வலிப்பவர் திரும்பிப் பார்க்காமலேயே இன்னும் எத்தனை வலிப்பு என்று உணர்ந்துகொள்வார்.

புறப்படும் இடத்தில் நீருக்குள் நீண்ட சிறு மேடைகள் இருக்கும். ஒவ்வொரு மேடையிலும் ஒருவர் குப்புறப் படுத்துக் கையை நீட்டிப் படகின் பின்முனையைப் பிடித்துக்கொண்டிருப்பார். எண்மர் படகு 17 மீட்டருக்கும் மேல் நீளம். ஒற்றையர் படகு 8 மீட்டர் சொச்சம். ஆனாலும் எல்லாப் படகின் முன்முனையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அதற்காக மேடைகளை முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியதும் கை விடுகிறது. காலையிலிருந்து மாலை வரை வெயிலில் அப்படிப் படுத்துக் கிடப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மாணவர்களும் தன்னார்வலர்களும்தான். அவர்களை வைத்துத்தான் இந்த விளையாட்டு நடக்கிறது.

அல்பானோ முறை ஒன்றைத் தீர்த்தது, இன்னொன்றை வெளிக்கொண்டுவந்தது. படகுகள் நேராக, பக்கம் பக்கமாகப் போனால்தான் தண்ணீரில் இருக்கும் ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியும். ஆழம் முதலில் சிக்கியது. ஆழம் குறைந்த நீரில் அலை ஓடும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 2 மீட்டர் ஆழத்தில் அது விநாடிக்கு ஏறக்குறைய 4.4 மீட்டர், 3.5 மீட்டர் ஆழத்தில் 5.9 மீட்டர். படகின் வேகம் அந்த வரம்பை நெருங்கும்போது, தான் எழுப்பிய அலையைத் தானே தாண்ட முடியாமல் படகு பின்னிழுபடும். ஒற்றையர் படகு விநாடிக்குச் சுமார் 5 மீட்டர் போகும், இளையோர் அதற்கும் குறைவாக. 2017இல் போலந்தின் போஸ்னானில் ஜெர்மனியின் எண்மர் படகு 2,000 மீட்டரை 5 நிமிடம் 18.68 விநாடியில் கடந்தது. அது விநாடிக்கு 6.3 மீட்டர். போட்டி வேகங்கள் எல்லாம் இந்த வரம்புகளைச் சுற்றியேதான் வருகின்றன. அதனால்தான் ஆழத்தை இவ்வளவு கறாராகக் கேட்கிறார்கள். அடித்தளம் மேடு பள்ளமாக இருந்தால் மேடான இடத்திலும் 3 மீட்டர் வேண்டும். புதிதாக வெட்டினால் 3.5 மீட்டர். ஒரு தடத்தில் 2 மீட்டரும் பக்கத்துத் தடத்தில் 4 மீட்டரும் இருந்தால் அந்த இருவரும் ஒரே போட்டியில் இல்லை.

அதற்குப் பிறகும் காற்று மீதமிருக்கிறது. போஸ்னான் நேரத்தை உலக சாதனை என்று சொல்லும் வழக்கம் இந்த விளையாட்டில் இல்லை. உலகின் சிறந்த நேரம் என்றுதான் சொல்வார்கள். பின்னாலிருந்து காற்றடித்தால் நேரம் குறையும், எதிர்க்காற்றில் அதே படகுக்கு நிமிடக் கணக்கில் கூடிவிடும். நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பொருளில்லை என்பது இந்த விளையாட்டுக்காரர்கள் தாமாகவே ஒப்புக்கொண்ட நேர்மை. முன்னாலோ பின்னாலோ அடிக்கும் காற்று எல்லாருக்கும் பொது. பக்கக் காற்றுதான் அநியாயம் செய்கிறது. கரையில் ஒரு மரக்கூட்டமோ மாடமோ இருந்தால் அதை ஒட்டிய தடங்களுக்கு மறைவு கிடைக்கும், எதிர்க்கரைத் தடங்களில் அலை எழும். பார்வையாளர் மாடத்தை எங்கே வைப்பது, மரங்களைக் கரையிலிருந்து எத்தனை அடி தள்ளி நடுவது என்று வடிவமைப்பாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். அப்படியும் காற்று மிஞ்சினால், முன்சுற்றில் சிறப்பாகச் செய்தவர்களுக்கு நல்ல தடங்களை ஒதுக்க நடுவர்களுக்கு உரிமை உண்டு.

சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் நகரை ஒட்டிய ரோட்சே ஏரி இந்த வேலை எதுவும் தேவைப்படாமல் பிறந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே நீளமாக, ஒடுங்கலாக, ஏறக்குறைய நேராகக் கிடக்கிறது. காற்று மேலேயே போய்விடும். 1962இல் முதல் உலகத் துடுப்புப் படகுப் போட்டி அங்குதான் நடந்தது. படகோட்டிகள் அதைத் தெய்வங்களின் ஏரி என்று சொல்வதில் மிகையில்லை.

தெய்வம் கொடுக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஸ்கினியாஸ் காட்டியது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்காக மராத்தன் கடற்கரையை ஒட்டிய சதுப்பு நிலத்தில் தடம் வெட்டினார்கள். பழம்போர் நடந்த நிலம், பறவைகள் தங்கும் ஈரநிலம் என்று சூழலியலாளர்களும் வரலாற்றாளர்களும் எதிர்த்தார்கள். தடம் கட்டி முடிந்தது. 2003இல் இளையோர் உலகப் போட்டியை ஒத்திகையாக நடத்தியபோது ஏஜியன் கடலின் கோடைக்காற்றான மெல்தெமி வீசியது. படகுகளுக்குள் தண்ணீர் ஏறி அவை மூழ்கின. ஒலிம்பிக் நாட்களில் காற்று தயவு காட்டியது. 2016 ரியோவில் அந்தத் தயவும் இல்லை. நகர நடுவிலுள்ள ரோட்ரிகோ டி ஃப்ரெய்டாஸ் ஏரியில் முதல் நாள் செர்பியாவின் இருவர் படகு கவிழ்ந்தது. மறுநாள், ஆகஸ்ட் 7 அன்று, காற்றால் போட்டியே நிறுத்தப்பட்டது. மலையும் சிலையும் பின்னணியில் இருக்கத் தொலைக்காட்சியில் அவ்வளவு அழகாகத் தெரிந்த ஏரி அது.

இத்தனை நிபந்தனைகளையும் நிறைவேற்றும் இடம் இயற்கையில் அரிது என்றான பிறகு, தோண்டுவதுதான் வழி என்றாகியது. மெக்சிகோ 1968இல் சோச்சிமில்கோ பகுதியில் வாய்க்கால் வெட்டியது. ம்யூனிக் 1972க்காக ஓபர்ஷ்லைஸ்ஹைமில் தடம் கட்டியது. ஐம்பது ஆண்டு கழித்து 2022 ஐரோப்பியப் போட்டியும் அதே தண்ணீரில் நடந்தது. ஆனால் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமும் நூறு மீட்டருக்கும் மேல் அகலமும் மூன்றரை மீட்டர் ஆழமும் தோண்டினால் வெளியே வரும் மண் ஏழெட்டு லட்சம் கன மீட்டர். அந்த மண்ணை என்ன செய்வது, செலவை யார் தருவது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. நல்ல தடங்கள் பலவும் மண்ணுக்காகத் தோண்டிய குழிகள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் அருகே ஹோம் பியர்பாயிண்ட்டில் சரளைக்கல் எடுத்த குழியை 1973இல் தேசிய நீர் விளையாட்டு மையமாக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் பென்ரித்தில் சிட்னி நகரத்தின் கட்டடங்களுக்கு மணலும் சரளையும் எடுத்த நிலத்தில் 2000 ஒலிம்பிக் தடம் வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் படகோட்டம் நடந்த டார்னி ஏரியை ஈட்டன் கல்லூரி வெட்டியது. தேம்ஸில் போக்குவரத்து பெருகியதால் தன் மாணவர்களுக்குப் பாதுகாப்பான நீர் வேண்டும் என்று தொடங்கிய வேலை. தோண்டிய சரளையை விற்றதும் செலவுக்கு உதவியது. பத்தாண்டு உழைத்து 2006இல் முடித்தார்கள், செலவு சுமார் 1.7 கோடி பவுண்டு. அவசரப்படாமல் தோண்டியதால் இன்னொரு நன்மையும் விளைந்தது. தேம்ஸின் பழைய போக்கு ஒன்று மண்ணுக்கடியில் தெரிந்தது, அதன் குறுக்கே வெண்கலக் காலத்து மரப்பாலங்களின் கால்கள் நட்டபடி இருந்தன. தொல்லியலாளர்கள் பதிவு செய்து முடிக்கும்வரை நேரம் இருந்தது.

குழிக்கு இன்னொரு குணமும் உண்டு. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டிய குழி தானே ஊறி நிரம்பும். கரையைச் செங்குத்தாகக் கட்டாமல் சரளையைச் சரிவாக விட்டால் அலை கரையில் மோதித் திரும்பாமல் அங்கேயே அடங்கிவிடும். செங்குத்துச் சுவர் கட்டிய தடத்தில் முன்னே போன படகின் அலை சுவரில் மோதிப் பின்னே வருபவனின் தண்டில் வந்து விழும். அதனால்தான் நல்ல தடத்தின் கரை பார்ப்பதற்கு ஒரு சாதாரண ஆற்றோரம் போலவே இருக்கிறது.

எதிர் உதாரணம் டோக்கியோ. 2020 ஒலிம்பிக்குக்காக விரிகுடாவில் குப்பை கொட்டி நிரப்பிய இரு தீவுகளுக்கு இடையிலிருந்த கடல்கால்வாயின் இரு முனையையும் அடைத்து, உமினோமோரி என்ற தடத்தைச் சுமார் 3,000 கோடி யென் செலவில் கட்டினார்கள். செலவைப் பார்த்து ஆளுநர் கோய்கே யூரிகோவே 2016இல் போட்டியை மியாகி மாநில ஏரிக்கு மாற்றலாமா என்று யோசித்தார். அலையை அடக்க இருபுறமும் மிதப்பான்களைக் கட்டியிருந்தார்கள். உப்புநீர் அல்லவா, மிதப்பான்களில் சிப்பிகள் ஒட்டி வளர்ந்தன. கனம் தாங்காமல் அவை அமிழத் தொடங்கின. 14 டன் சிப்பியைச் சுரண்டி எடுக்க 14 கோடி யென் செலவாயிற்று. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதில் என்ன வாழ்கிறது என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டால், அது வட்டியோடு திரும்பி வரும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு வேண்டியதில்லை.

ராம்கட்டுக்குத் திரும்புகிறேன், வழியில் பல்லாரட்டைத் தொட்டுவிட்டு.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பல்லாரட் ஊருக்கு நடுவே வெண்டூரி ஏரி இருக்கிறது. சதுப்பாகக் கிடந்ததை ஏரியாக்கினார்கள். 238 ஹெக்டேர், சுற்றி நடந்தால் ஆறு கிலோமீட்டர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் படகோட்டம் அங்கு நடந்தது. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் பல ஆண்டு நீண்ட பெருவறட்சியில் ஏரி சுருங்கி 2006இல் முற்றாக வறண்டது. ஒலிம்பிக் படகுகள் ஓடிய தரையில் புல் முளைத்தது. அதுவரை அது ராம்கட்டின் கதைதான். அதன் பிறகு கதைகள் பிரிகின்றன. பல்லாரட்டில் சுத்திகரித்த கழிவுநீரையும் தெருக்களில் ஓடும் மழைநீரையும் ஏரிக்குத் திருப்பினார்கள். 2010இல் நல்ல மழை வந்தபோது நீர் வந்துசேரும் வழிகள் திறந்திருந்தன. 2011இல் ஏரி நிரம்பியது. படகுகள் திரும்பின.

ராம்கட்டில் மழை பொய்த்தது மட்டும் காரணமல்ல. பாணகங்கையும் அதன் ஓடைகளும் வந்து சேரும் நீர்ப்பிடிப்புப் பகுதியில் தடுப்பணைகள் பெருகின, ஆக்கிரமிப்புகள் முளைத்தன. மழை பெய்தாலும் நீர் ஏரியை எட்டவில்லை. வழக்கு ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் வரை போனது. ஜெய்ப்பூருக்குக் குடிநீர் பிறகு தொலைவிலுள்ள பீசல்பூர் அணையிலிருந்து வந்தது. ஏரியின் தேவை நகரத்துக்கு இல்லாமல் போனதும் அதைக் காப்பாற்றும் அவசரமும் குறைந்தது என்றே நான் கருதுகிறேன். 

இத்தனைக்கும் இந்த நாட்டின் படகோட்டிகள் வறண்ட நிலத்திலிருந்துதான் வருகிறார்கள். 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் படகில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வென்ற பஜ்ரங் லால் தாக்கர் ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்துக்காரர். 2018இல் பாலெம்பாங்கில் நால்வர் படகில் தங்கம் வென்ற தத்து போகனல் நாசிக் மாவட்டத்தின் வறட்சிக் கிராமமான தளேகாவ் ரோஹியில் கிணறு வெட்டும் கூலி வேலை பார்த்தவர். இருவரையும் படகில் ஏற்றியது ராணுவம். புனேயில் உள்ள ராணுவப் பயிற்சி மையம் இல்லையென்றால் 2023 ஹாங்சோவில் கிடைத்த இரண்டு வெள்ளி, மூன்று வெண்கலமும் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. ஆள் இருக்கிறார்கள். தண்ணீர்தான் ஊருக்கு ஊர் இல்லை.

தமிழகத்துக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. அடையாற்றின் கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தொடங்கியது. அதற்கு மூன்றாண்டு முன்பே கொழும்பில் பேய்ரா ஏரிக் கரையில் கொழும்பு ரோயிங் கிளப் தொடங்கிவிட்டது. இரண்டு மன்றமும் 1898 முதல் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆண்களுக்குத் தீபம் கோப்பை, பெண்களுக்கு அடையாறு கோப்பை. அடையாற்றின் தண்ணீர் இன்று எப்படி இருக்கிறது என்பதைச் சென்னைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாக்கடை நாற்றத்தில் விடியற்காலை தண்டு வலித்துப் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். 

ஏரிகள் நிறைந்த நாட்டில் தடத்துக்கா பஞ்சம் என்று தோன்றலாம். எங்கள் ஏரியின் அமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் கரை, அதையொட்டி மடை, அங்கே ஆழம். எதிர்ப்பக்கம் நீர்ப்பிடிப்பை நோக்கித் தரை மேலேறும். கரைக்கு இணையாகத் தடம் போட்டால் கரையோரத் தடம் ஆழம், வெளித்தடம் மேடு. கரைக்குச் செங்குத்தாகப் போட்டால் புறப்படும் இடத்தில் முழங்கால் தண்ணீர், முடியும் இடத்தில் ஆளை விழுங்கும் ஆழம். கரையும் பெரும்பாலும் வளைந்திருக்கும். மார்கழியில் நிரம்பிச் சித்திரையில் சேறாகும் நீர்மட்டத்துக்கு அல்பானோ கம்பிகளை வாரத்துக்கு வாரம் தளர்த்தி இறுக்க வேண்டும். ஏரி பாசனத்துக்காக அமைந்தது, நெல்லுக்குத் தண்ணீர் விடுவதுதான் அதன் முதல் கடமை; அதை மாற்றச் சொல்வது அநியாயம். தமிழகத்தில் நல்ல தடம் வேண்டுமென்றால் பென்ரித்தும் டார்னியும் காட்டிய வழிதான் பொருந்தும்: மணலும் கல்லும் சவுடும் எடுத்துக் கைவிட்ட குழிகளில், நீர் ஊறி நிற்கும் இடமாகப் பார்த்து, எஞ்சியதை நேராக வெட்டுவது.

2024 அக்டோபரில் இந்தியா 2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பக் கடிதம் கொடுத்திருக்கிறது. எங்காவது ஒரு மேசையில் படகுத் தடத்தின் வரைபடம் விரியும். மாடத்தில் எத்தனை ஆயிரம் இருக்கைகள், முடிவுக் கோட்டுக் கோபுரம் எவ்வளவு உயரம் என்ற விவரங்களோடு அது செய்தித்தாளில் வரும். அப்போது அந்தத் தடத்துக்குத் தண்ணீர் எந்த ஓடை வழியாக வருகிறது, அந்த ஓடையின் மேல் யார் என்ன கட்டியிருக்கிறார்கள், போட்டி முடிந்து இருபதாவது ஆண்டில் அது என்ன குடிக்கும் என்று கேளுங்கள். 1982இல் ராம்கட்டைப் பற்றி யாரும் இதைக் கேட்கவில்லை.